கிதார் ஆம்பை மவுத் ஆர்கனுக்குப் பழக்கியது

வால்யூம் குமிழை 3-க்கு மேல் திருப்பினால் ஊளை. மைக்கைக் கைக்குள் பொத்திப் பிடித்த அடுத்த நொடியே "ஊ...ங்" என்று கிளம்பிவிடும். கிதாரை மாட்டினால் அதே ஆம்ப் (ஒலிபெருக்கி) தேனாகப் பேசுகிறது. விற்றவர் கிதார்க்காரர். என் எதிரே உட்கார்ந்து அரை மணி நேரம் வாசித்துக் காட்டினார், மயங்கி வாங்கிவிட்டேன். சிகாகோவுக்குப் பக்கத்தில் இருக்கும் நேப்பர்வில் வந்து சேர்ந்து, சாப்பாட்டு மேசையில் ஆம்பை வைத்து, ஏ ஹார்ப்பில் (ஏ சுருதி மவுத் ஆர்கன், எங்கள் பேச்சில் ஹார்ப்) முதல் சொற்றொடரை ஊதியபோதுதான் மவுத் ஆர்கனுக்கு வேறு மாதிரி ஆம்ப் வேண்டும் என்பது உறைத்தது.

அந்த ஆம்பை ஐந்து வார இறுதிகளில் சரிசெய்த கதை இது. மின்னணுவியல் எனக்குத் தொழில் இல்லை. சின்ன வயதில் வீட்டு வால்வு ரேடியோவைத் திறந்து அப்பா சால்டர் வைக்கும்போது டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற அனுபவமும், பிறகு நானாகப் படித்துக்கொண்டதும்தான். ஆனால் ப்ளூஸ் ஹார்ப்பின் அந்தக் கரகரப்பான, தடித்த ஒலி மீது எனக்கு அப்படி ஒரு பைத்தியம். 1952 மே மாதம் இதே சிகாகோவில் ஹார்ப் கலைஞர் லிட்டில் வால்டர் 'ஜூக்' பதிவு செய்தார். மலிவான மைக்கையும் மவுத் ஆர்கனையும் சேர்த்துக் கையில் பொத்தி, ஆம்பைத் திணறவைத்து ஊதினால் சாக்ஸஃபோனுக்கு நிகரான ஒரு வாத்தியம் பிறக்கும் என்பதை அந்த இசைத்தட்டு ஊருக்கே காட்டியது. அந்த ஒலியில் ஒரு துளியாவது வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஆம்ப் என்னது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபெண்டர் 1950-களின் பிற்பாதியில் செய்த சாம்ப், அதன் 5எஃப்1 சர்க்யூட்டைப் பார்த்து யாரோ கையால் கட்டிய நகல். மூன்று வால்வுகள்: முன் கட்டங்களுக்கு ஒரு 12ஏஎக்ஸ்7, கடைசிக் கட்டத்து பவர் வால்வாக ஒரு 6வி6, ஏ.சி.-யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபையராக ஒரு 5ஒய்3. கூடவே எட்டு அங்குல ஸ்பீக்கர், ஒரே ஒரு குமிழ். சுமார் 5 வாட். சின்ன ஆம்ப் வேண்டும் என்று தேடித்தான் இதற்கு வந்தேன். ஹார்ப்புக்கு அழகான கரகரப்பு கடைசிக் கட்டத்து பவர் வால்விலும் ஸ்பீக்கரிலும் பிறக்க வேண்டும். 40 வாட் ஆம்பை அந்த அளவுக்குத் திணறவைத்தால் அபார்ட்மெண்டில் குடியிருக்க முடியாது.

ஊளை ஏன் வருகிறது? கிதாரின் பிக்கப் கம்பியின் அசைவை மட்டும் கேட்கும், அறையின் காற்றை அவ்வளவாகக் கேட்காது. நம் மைக்கோ காற்றைக் கேட்பதற்கென்றே பிறந்தது. ஸ்பீக்கரில் இருந்து வரும் ஒலி மைக்கில் விழ, அது மறுபடி பெருக்கப்பட்டு ஸ்பீக்கருக்கு வர, சுற்று முடிகிறது. கிதார்க்காரர்கள் முன் கட்டத்தில் பெருக்கம் எவ்வளவு கிடைத்தாலும் வேண்டும் என்பார்கள். நமக்கு அதே பெருக்கம்தான் எதிரி. பெருக்கத்தைக் குறைத்தால் குமிழை மேலே கொண்டுபோகலாம், அப்போதுதான் 6வி6-க்கு வேலை வரும். பல பேர் ஹார்ப்புக்கு "இன்னும் கெயின் (பெருக்கம்) உள்ள ஆம்ப்" என்று தேடிப் போவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. திசையே தப்பு.

ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரே முறையில் சோதித்தேன். ஆம்ப் தரையில். நான் ஆறடி தள்ளி, ஆம்பைப் பார்த்தபடி. நான் மைக்கை இறுக்கிப் பொத்தியிருக்க, குமிழை மெல்ல ஏற்றச் சொல்லி மகனைக் கூப்பிட்டேன். எந்த எண்ணில் ஊளை கிளம்புகிறதோ அதுதான் மதிப்பெண். குமிழில் 12 வரை எண் உண்டு. தொடக்க மதிப்பெண் 3.

முதல் தப்பை அந்த வாரமே செய்தேன். இந்த வகை ஆம்பில் இரண்டு ஜாக் இருக்கும். இரண்டாவதில் மாட்டினால் சிக்னல் பாதியாகிவிடும், எனவே ஊளையும் குறையும் என்று படித்திருந்தேன். மாட்டினேன். ஊளை 5-க்குத் தள்ளிப்போனது உண்மை. ஆனால் ஒலி தகர டப்பாவுக்குள் வாசித்த மாதிரி மெலிந்து போயிற்று. ஒரு மணி நேரம் ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டேன். பிறகுதான் சர்க்யூட் படத்தை விரித்துக் கணக்குப் போட்டேன்.

என்னிடம் இருந்தது அஸ்டாட்டிக் ஜேடி-30 மைக், உள்ளே கிரிஸ்டல் எலிமெண்ட். கிரிஸ்டல் என்பது மின்சுற்றின் பார்வையில் ஒரு சின்ன கெப்பாசிட்டர். என்னுடையதை மீட்டரில் அளந்தால் 1,500 பிக்கோஃபேரட் அருகே காட்டியது. அது எந்த ரெசிஸ்டருக்குள் பாய்கிறதோ, அந்த ரெசிஸ்டர் சிறியதாக இருந்தால் அடிஸ்தாயி வெட்டுப்படும். முதல் ஜாக்கில் 1 மெகாஓம். வெட்டு 106 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது, ஏ ஹார்ப்பின் மிகக் கீழான ஸ்வரம் 220 ஹெர்ட்ஸ், ஆகவே பெரிய நஷ்டம் இல்லை. இரண்டாவது ஜாக்கில் 68 கிலோஓம் ரெசிஸ்டர்கள் இரண்டு தொடராக நின்று 136 கிலோஓம் ஆகிவிடுகிறது. வெட்டு ஏறத்தாழ 780 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடுகிறது. ஹார்ப்பின் கீழ்ப்பாதி முழுக்க அதற்குக் கீழேதான் இருக்கிறது! கிதாருக்கு அந்த ஜாக் சும்மா ஒலியைக் குறைக்கும், கிரிஸ்டல் மைக்குக்கோ அடிவயிற்றையே அறுத்துவிடும். கிரிஸ்டல் வைத்திருப்பவர்கள் இரண்டாவது ஜாக் பக்கமே போக வேண்டாம்.

சரி, பெட்டியைத் திறந்துதான் ஆக வேண்டும்.

திறக்கும் முன் ஒன்று. இதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. ஓடுகிறது. சுவரில் இருந்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் அது தேங்கி நிற்கலாம். உயிரை எடுக்கக்கூடிய மின்சாரம் இது, பயமுறுத்தச் சொல்லவில்லை. 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் முதலைக் கிளிப் வைத்த ஒயரைச் சால்டர் செய்து, மேலே உறை போட்டு வைத்திருக்கிறேன். பிளக்கைப் பிடுங்கி, ஒரு கிளிப்பைச் சேசிஸில் மாட்டி, இன்னொன்றை ஒவ்வொரு கெப்பாசிட்டரின் நேர்முனையிலும் சில நொடி வைத்து, பிறகு மல்டிமீட்டரால் பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டதா என்று பார்த்த பின்தான் கை வைப்பேன். ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க நேர்ந்தால் இடது கை பாக்கெட்டுக்குள். ஸ்பீக்கர் கழற்றிய நிலையில் ஆம்பை ஆன் செய்யவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

உள்ளே பார்த்ததும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. 5எஃப்1 படத்தில் 12ஏஎக்ஸ்7-இன் முதல் பாதியில், கேத்தோடு என்ற முனைக்குக் கீழே வெறும் 1,500 ஓம் ரெசிஸ்டர் மட்டும்தான். இங்கே அதன் மேல் முதுகில் தொற்றிய குழந்தை போல ஒரு 25 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர். பழைய சொந்தக்காரர் கிதாருக்காகப் போட்டது. ஸ்பீக்கரில் இருந்து இரண்டாம் பாதிக்கு வர வேண்டிய 22 கிலோஓம் நெகட்டிவ் ஃபீட்பேக் ரெசிஸ்டரின் (சிக்னலில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பி பெருக்கத்தை அடக்குவது) ஒரு காலும் தூக்கி விடப்பட்டிருந்தது. இரண்டும் கிதார்க்காரர்கள் வழக்கமாகச் செய்வதுதான், சால்டர் வேலையும் சுத்தமாகவே இருந்தது. ஆனால் இரண்டுமே பெருக்கத்தை ஏற்றுபவை.

அந்த கெப்பாசிட்டர் இருந்தால் முதல் கட்டத்தின் பெருக்கம் சுமார் 60, எடுத்துவிட்டால் சுமார் 30. ஒரு காலை உருக்கி இழுத்தேன், ஐந்து நிமிட வேலை, செலவு சல்லிக்காசு இல்லை. ஊளை 3-இல் இருந்து 5-க்குப் போனது, அதுவும் முதல் ஜாக்கிலேயே, அடிஸ்தாயி ஒரு துளி குறையாமல். அன்றைக்கு மதியம் நான் விடாமல் ஊதிக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக்கு மனைவி உள்ளே இருந்து, "என்னங்க, கீழ் வீட்டுல பாப்பா இப்பதான் தூங்குதாம், போன் வந்துச்சு" என்றாள். "இதோ, நிறுத்திட்டேன்மா" என்று, ஒலியை மட்டும் நிறுத்தும் ஸ்டாண்ட்பை சுவிட்சைத் தேடினேன். இந்த ஆம்பில் ஸ்டாண்ட்பை கிடையாது, பவரையே அணைத்தேன்.

அடுத்த வாரம் வால்வு. 12ஏஎக்ஸ்7 இருக்கும் அதே சாக்கெட்டில் மாற்று வேலை எதுவும் இல்லாமல் உட்காரக்கூடிய உறவினர்கள் சில உண்டு. வால்வின் பெருக்கக் காரணி என்று ஓர் எண் உண்டு. 12ஏஎக்ஸ்7-க்கு 100, 5751-க்கு 70, 12ஏடி7-க்கு 60, 12ஏஒய்7-க்கு 44, 12ஏயு7-க்கு 20-க்குள். 12ஏஒய்7 ஒன்றும் ஹார்ப்காரர்கள் கண்டுபிடித்த தந்திரம் இல்லை. ஹார்ப் ஊதுபவர்கள் கனவு காணும் ஃபெண்டர் பாஸ்மேன் 5எஃப்6-ஏ, நான்கு பத்து அங்குல ஸ்பீக்கர் வைத்தது, அதன் முதல் வால்வே 12ஏஒய்7தான். பாஸ் கிதாருக்கென்று செய்த ஆம்ப் ஹார்ப்புக்கு அவ்வளவு நன்றாகப் பொருந்துவதில் அந்த வால்வுக்குப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

12ஏஒய்7, 12ஏயு7 இரண்டும் ஒவ்வொன்று வாங்கினேன். சாம்பில் ஒரே பல்புக்குள் இரண்டு கட்டமும் இருப்பதால் மாற்றம் இரண்டு முறை பெருகும். நான் போட்ட தோராயக் கணக்கு: வாங்கியபோது இரண்டு கட்டமும் சேர்ந்து 1,900 மடங்கு சொச்சம். கெப்பாசிட்டர் எடுத்த பின் 1,000. 12ஏஒய்7-உடன் 500. 12ஏயு7-உடன் 150.

முதலில் ஆசையாய் 12ஏயு7-ஐத்தான் போட்டேன். குமிழ் 11 வரை ஊளையே இல்லை. ஆனால் உயிரும் இல்லை. முழுக்கத் திறந்தும் 6வி6 சோம்பலாக உட்கார்ந்திருந்தது, தொண்டையைத் திறந்து எவ்வளவு ஊதினாலும் சுத்தமான, மரியாதையான ஒரு மவுத் ஆர்கன் ஒலிதான். 6வி6-ஐ அதன் எல்லைக்குத் தள்ள ஏறத்தாழ 19 வோல்ட் உச்சம் வேண்டும், 150 மடங்கை வைத்துக்கொண்டு அங்கே போய்ச் சேர மைக்கால் முடியவில்லை. 12ஏஒய்7-ஐப் போட்டேன். ஊளை 7-க்குக் கொஞ்சம் மேலே. ஆறில் வைத்து, மெல்ல ஊதினால் தெளிவு, பொத்தி அழுத்தி ஊதினால் உறுமல். அந்த ஏற்ற இறக்கம் கைக்குள் வந்துவிட்டது. வாசிப்பவன் மூச்சுக்கு ஆம்ப் பதில் சொல்வது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நாலாவது, ஐந்தாவது ஓட்டைகளைச் சேர்த்து உறிஞ்சினால் அடியில் மூன்றாவது ஒரு ஸ்வரம் கேட்டது. பிரமை இல்லை அது. ஏ ஹார்ப்பில் அந்த இரண்டும் 494, 587 ஹெர்ட்ஸ். ஆம்ப் திணறும்போது இரண்டின் வித்தியாசமான 93 ஹெர்ட்ஸும் சேர்ந்து பிறக்கிறது. சின்ன மவுத் ஆர்கன் பெரிய வாத்தியமாகக் கேட்பதன் ரகசியம் அதில் பாதி இருக்கிறது.

தூக்கி விடப்பட்டிருந்த 22 கிலோஓம் ரெசிஸ்டரை கிளிப்பால் தற்காலிகமாக இணைத்துப் பார்த்தேன். ஒலி வழுவழுப்பாகிவிட்டது. பிடிக்கவில்லை, பழைய சொந்தக்காரர் விட்டபடியே விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் வேண்டாத வேலை ஒன்று. "கப்ளிங் கெப்பாசிட்டரைப் பெரிசாக்கு, ஹார்ப் தடிமனாகும்" என்று பல இடங்களில் சொல்வார்கள். ஒரு கட்டத்தில் இருந்து அடுத்த கட்டத்துக்கு சிக்னலைக் கடத்துவது அது. நானும் யோசிக்காமல் 0.02-ஐக் கழற்றி 0.1 மைக்ரோஃபேரட் போட்டேன். ஹார்ப்பில் எந்த வித்தியாசமும் இல்லை, மைக்கில் விரல் நகரும் "தொம், தொம்" மட்டும் பூதாகரமாகிவிட்டது. கணக்குப் போட்டால் காரணம் தெளிவு. 6வி6-க்கு முன்னால் இருக்கும் 220 கிலோஓமுடன் 0.02 சேர்ந்தாலே 36 ஹெர்ட்ஸ் வரை தாராளமாக விடுகிறது. நம் வாத்தியத்துக்கு அதற்குக் கீழே எதுவும் இல்லை. எதிர்த்திசையில் போனேன், அந்த இடத்தில் 0.01. வெட்டு 72 ஹெர்ட்ஸுக்கு ஏறியது. மேலே சொன்ன 93 ஹெர்ட்ஸ் உறுமல் பிழைத்துக்கொண்டது, விரல் சத்தம் அடங்கியது.

முதல் ஜாக்கின் 1 மெகாஓமை 4.7 மெகாஓமாக மாற்றினேன். கிரிஸ்டல் மைக்குக்கு 5 மெகாஓம் வேண்டும் என்பது வேதவாக்கு மாதிரி சொல்லப்படுவது. உண்மையைச் சொன்னால், ஏ ஹார்ப்பில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. 196 ஹெர்ட்ஸில் தொடங்கும் ஜி ஹார்ப்பின் கீழ் கார்டுகளில் கொஞ்சம் நிறைவு. ஆனால் கூடவே இரைச்சலும் வந்தது, 60 ஹெர்ட்ஸ் ஹம். ஜாக்கில் இருந்து சிக்னல் நுழையும் வால்வு முனையான கிரிட் வரை போகும் நாலு அங்குல ஒயர் ஆன்டெனா மாதிரி வாங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு ஷீல்டு ஒயர் போட்டு, ஷீல்டை ஜாக் பக்கம் மட்டும் கிரவுண்ட் செய்தேன். ஹம் போய்விட்டது.

மூடுமுன் 6வி6-இன் கேத்தோடு மின்னழுத்தத்தை அளந்தேன். 470 ஓமின் மேல் 19.5 வோல்ட், அதாவது 41 மில்லிஆம்ப். பழைய படம் சொல்லும் 19 வோல்ட்டுக்கு அருகே. நிம்மதியாக மூடினேன்.

நாலாவது வாரம் சிகாகோவின் தென்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாமுக்கு (பலரும் கூடி வாசிக்கும் இடம்) ஆம்பைத் தூக்கிக்கொண்டு போனேன். டிரம்ஸ் தொடங்கியதும் 5 வாட் எங்கே போனது என்றே தெரியவில்லை. வீட்டில் சுவரை அதிரவைத்த ஆம்ப் அங்கே முணுமுணுத்தது. எழுபதைத் தாண்டிய ஹார்ப்காரர் ஒருவர் எழுந்து வந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆம்பைத் தரையில் இருந்து எடுத்து எனக்குப் பின்னால் வலப்பக்கம் ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்தார், அதன் முன்னால் எஸ்எம்57 மைக் ஒன்றை நிறுத்தி, கூடத்துக்கான பெரிய ஒலிபெருக்கியான பி.ஏ.-வுக்கு அனுப்பச் சொன்னார். அவ்வளவுதான். பிறகு என் மைக்கை வாங்கி ஒரு பாட்டு வாசித்தார். நான் கவனித்தது அவர் கையை. இரண்டு உள்ளங்கையும் மைக்கையும் ஹார்ப்பையும் சேர்த்து ஒரே உருண்டையாகப் பிடித்திருந்தன, விரல்களுக்கு நடுவே வெளிச்சம் தெரியவில்லை. ஒவ்வொரு சொற்றொடரும் முடிந்ததும் கட்டைவிரல் மைக்கின் முகத்தை மூடியது. நான் சொற்றொடர்களுக்கு நடுவே கையைத் திறந்தபடி வைத்திருந்தேன், ஊளைக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. வீட்டுக்கு வந்து அதே கட்டைவிரல் பழக்கத்தோடு சோதித்தேன். பெட்டியில் ஒரு திருகைக்கூடத் தொடாமல் 7 இப்போது 8 ஆகிவிட்டது.

அதற்கடுத்த வாரம்தான் நஷ்டம். ஜூலை மாதம், மைக்கைக் காரிலேயே மறந்துவிட்டேன். மறுநாள் மாட்டினால் கொசு பேசுகிற மாதிரி ஒலி. இந்த கிரிஸ்டல் ரோஷெல் உப்பால் ஆனது, சுமார் 55 டிகிரி செல்சியஸில் கெட்டுவிடும், ஈரமும் அதற்கு ஆகாது. கண்ணாடி மூடிய கார் ஜூலை வெயிலில் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொடும். எனக்கு அது தெரியும், தெரிந்தும் விட்டுவிட்டேன். அன்றைக்கு முழுக்க மனசு ஆறவில்லை.

கிரிஸ்டலுக்குப் பதில் ஷூர் நிறுவனத்தின் பழைய கன்ட்ரோல்டு மேக்னடிக் எலிமெண்ட் ஒன்றைத் தேடி வாங்கினேன். இதே சிகாகோவில் 1925-இல் பிறந்த நிறுவனம், ஹார்ப்காரர்கள் கொண்டாடும் கிரீன் புல்லட் மைக்கும் அவர்களுடையதுதான். காந்தமும் சுருளும் வைத்த எலிமெண்ட் என்பதால் வெயிலுக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம், 4.7 மெகாஓமும் 1 மெகாஓமும் இதற்கு ஒன்றுதான். ஜேடி-30 கூட்டுக்குள் அது அப்படியே உட்காரவில்லை. சைக்கிள் டியூப்பை வளையமாக வெட்டி, காற்று கசியாதபடி சுற்றிலும் அடைத்தேன். அந்த அடைப்பு முக்கியம், பின்னால் காற்று கசிந்தால் அடிஸ்தாயி ஓடிவிடும். முதல் முறை அவசரத்தில் ஒரு பக்கம் இடைவெளி விட்டு மூடிவிட்டு, ஒலி மெலிந்திருக்கிறதே என்று மறுபடி திறந்து அடைத்தேன். புது எலிமெண்டின் குரல் கிரிஸ்டலைவிடக் கனமானது, முனை மழுங்கியது. ஊளை 7-க்கு இறங்கிவிட்டது. பரவாயில்லை, ஆறிலேயே நான் தேடிய உறுமல் இருக்கிறது.

எட்டு அங்குல ஸ்பீக்கரை இன்னும் மாற்றவில்லை. நண்பரின் பத்து அங்குலப் பெட்டியை ஒரு மாலை இணைத்துப் பார்த்தபோது நெஞ்சில் வந்து இடித்த மாதிரி இருந்தது. குளிர்காலத்துக்குள் பைன் பலகையில் அதே மாதிரி ஒரு பெட்டி செய்ய அளவெடுத்து வைத்திருக்கிறேன்.

கழற்றிய 25 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டரையும் பழைய 12ஏஎக்ஸ்7-ஐயும் தூக்கிப் போடவில்லை. ஒரு சின்ன உறைக்குள் வைத்து, எது எந்த இடத்தில் இருந்தது, நான் எதை எதாக மாற்றினேன் என்று தேதியோடு எழுதி, கேபினெட்டின் உட்புறச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். என்றைக்காவது இந்த ஆம்ப் மறுபடி ஒரு கிதார்க்காரர் கைக்குப் போனால் அவருக்கு அது வேண்டியிருக்கும்.